குன்னூர்: பூனை எல்லாத்தையும் தள்ளி விடுது, கொலு வேற வருது, யாராச்சும் வழி சொல்லுங்க

பெட்ஃபோர்டு பவி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. குன்னூர்ல ஒரு பழைய வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கோம், நான், வீட்டுக்காரர், மாமியார், அப்புறம் பட்டாணி. பட்டாணி எங்க பூனை. ஒன்றரை வயசு இருக்கும், மார்க்கெட்ல காய்கறிக் கூடைக்குள்ள குட்டியா கத்திட்டு இருந்ததை என் வீட்டுக்காரர் ஜெர்கினுக்குள்ள வெச்சு தூக்கிட்டு வந்தாரு. ஆபரேஷன் பண்ணியாச்சு, ஊசி போட்டாச்சு, நல்லா சாப்பிடுது, எலி ஒண்ணு விடாது, பாசத்துக்கும் குறைச்சல் இல்ல. ஒரே பிரச்சனை, மேல இருக்கிற எந்தப் பொருளும் மேலயே இருக்கக் கூடாதுங்கிறது அதோட கொள்கை.

ஃபிரிட்ஜ் மேல இருந்த பீங்கான் ஊறுகா ஜாடி போச்சு, அத்தை கையால போட்ட எலுமிச்சங்கா, தரையெல்லாம் எண்ணெய், பலகைத் தரைங்கிறதால இடுக்குல இறங்கி இன்னும் வாசம் போகல. செட்டாப் பாக்ஸ் வயரோட தொங்குது. அத்தையோட கண்ணாடி, மாத்திரை அட்டை, பூ ஜாடி, என் டீ டம்ளர், எதுவும் தப்பல. அந்த டம்ளர் தள்றதை நீங்க பாக்கணும். முதல்ல முன்னங்காலால ஒரே ஒரு தட்டு, அரை இஞ்ச் நகரும், உடனே நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாக்கும். நான் "ஏய் பட்டாணி"ம்பேன். இன்னொரு தட்டு. டம்ளர் விளிம்புல வந்து ஆடும், அப்பவும் கண்ணு என் மேலதான். நான் நாற்காலியத் தள்ளி எழுந்திருக்கிறதுக்குள்ள டமார்.

பொழுது சாஞ்சா வெளிய விடறது இல்ல, எங்க பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருக்கு, வாசல்ல கட்டியிருந்த நாயையே தூக்கிட்டுப் போயிருக்கு. அதனால ராத்திரி முழுக்க இதோட கச்சேரி வீட்டுக்குள்ளதான். கீழ ஹவுஸ் ஓனர் இருக்காரு, நல்ல மனுஷன், ஆனா காலையில படியில பாத்தா "என்னம்மா நைட்டெல்லாம் மேல ஷிஃப்டிங்கா"ன்னு கேக்குறாரு.

இப்ப நவராத்திரி வருது. அத்தையோட பொம்மை எல்லாம் அவங்க அம்மா காலத்து மண் பொம்மை, உடைஞ்சா திரும்பக் கிடைக்காது. படி கட்டவா வேண்டாமான்னு வீட்ல பட்டிமன்றமே நடக்குது. இது ஏன் இப்படிப் பண்ணுது, எப்படி நிறுத்துறது, கொலுவுக்கு என்ன பண்றது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூண்டுல போடு, யாருக்காவது குடுத்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

கோத்தகிரி குமார்

அக்கா பேசாம பட்டாணியையும் ஒரு படியில உக்கார வெச்சு சுண்டல் குடுத்துடுங்க 😄

எங்க ஊர்ல இது வேற மாதிரி கூத்து. இங்க கரடி எண்ணெய், நெய் வாசத்துக்கு கதவையே உடைச்சுட்டு உள்ள வரும், கோயில் விளக்கெண்ணெயக் கூட விடாது, உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் நடுராத்திரி சமையல்கட்டுல தகர டின் உருள்ற சத்தம். தாத்தா தடியோட, அப்பா டார்ச்சோட, அம்மா எங்க வாயைப் பொத்திட்டு, யாரும் மூச்சு விடல. ரொம்ப நேரம் கழிச்சு கதவை லேசாத் திறந்து பாத்தா எங்க பூனை எண்ணெய் டின்னைத் தள்ளி விட்டுட்டு அது உருண்டு போறதை ரசிச்சுட்டு உக்காந்திருக்கு. தாத்தா அதைத் திட்டின திட்டை இங்க எழுத முடியாது.

வழி கேட்டீங்கல்ல, ஷெல்ஃப்ல நீலகிரித் தைலம் கொஞ்சம் தெளிச்சு விடுங்க. அந்த வாசத்துக்குக் கிட்டயே வராது. நம்ம ஊர்ல தைலத்துக்கா பஞ்சம்.

ஊட்டி செல்வி

குமார் தம்பி, நல்ல எண்ணத்துல சொல்றீங்க, ஆனா அதை மட்டும் யாரும் பண்ணிடாதீங்க. பவி, தைலம் வேண்டவே வேண்டாம். நான் கால்நடை டாக்டர்கிட்ட உதவியாளா இருக்கேன், தைலம் பட்ட பூனைய இந்த ஊர்ல நிறையப் பாத்தாச்சு. யூகலிப்டஸ் எண்ணெய் பூனைக்கு விஷம். ஷெல்ஃப்ல தெளிச்சா அது மேல நடக்கும், பாதத்துல ஒட்டும், அப்புறம் உக்காந்து காலை நக்கும், நேரா வயித்துக்குள்ள. நம்ம கல்லீரல் அந்த மாதிரி சரக்கையெல்லாம் உடைச்சு வெளிய தள்ளிடும், பூனையோடதுக்கு அந்த சக்தி ரொம்பக் கம்மி. எச்சில் ஒழுகும், வாந்தி, நடை தள்ளாடும், அதிகமாப் போனா வலிப்பு வரும். சளிக்குத் தேய்ச்சுக்கிற பாட்டிலை மூடி போட்டு அலமாரிக்குள்ள பூட்டி வைங்க, உங்க ஆளு அதையும் தள்ளி உடைக்கும். அந்துருண்டை, பினாயில் ரெண்டும் இதே கதைதான். மிளகாப்பொடி தூவச் சொல்றவங்களும் இருக்காங்க, அந்தக் காலாலதான் அது மூஞ்சியத் துடைக்கும், கண்ணு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் உங்க போஸ்ட்ல எனக்குத் திக்குனு ஆனது ஊறுகா ஜாடி இல்ல, ரெண்டு விஷயம். ஒண்ணு, மாத்திரை அட்டை. அத்தை பாராசிட்டமால் போடுறவங்களா? 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு போதும் ஒரு பூனை சாக. ஈறு பழுப்பு நிறமா மாறும், மூஞ்சி வீங்கும், மூச்சு வாங்கும். அட்டை சரக்சரக்னு சத்தம் போடறதால அதுக்கு அது விளையாட்டுச் சாமான், பல்லால கடிச்சுப் பிரிக்கும். இன்னைக்கே ஒரு மூடி போட்ட டப்பா.

ரெண்டாவது பூ ஜாடி. இங்க பாலிஹவுஸ்ல லில்லியம், அதான் லில்லிப் பூ, போடுறாங்க, மிச்சம் மீதிப் பூவை யாராச்சும் குடுப்பாங்க, நாமளும் ஆசையா வாங்கி வெச்சிடுவோம். அந்தப் பூ, இலை, மகரந்தத்தூள், ஜாடியில இருக்கிற தண்ணி கூட பூனையோட சிறுநீரகத்தை அடிச்சிடும். ஜாடியத் தள்ளி, சிந்தின தண்ணிய நக்கினா போதும். அப்படி ஆச்சுன்னா வாந்தி வரட்டும் பாக்கலாம்னு காத்திருக்காம அப்பவே டாக்டர்கிட்ட ஓடணும், மூணு நாள் கழிச்சு தூக்கிட்டு வந்தா எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. ஓடை ஓரத்துல வெள்ளையா குழல் மாதிரி பூக்குமே கல்லா லில்லி, பேர்தான் லில்லி, அது வேற குடும்பம், அது வாயை எரியவைக்கும், எச்சில் ஒழுகும், உயிருக்கு ஆபத்து குறைவு. ஜெர்பரா வெச்சுக்கோங்க, பயம் இல்ல.

பெட்ஃபோர்டு பவி

ஐயோ செல்வி அக்கா, அத்தைக்கு மூட்டு வலி, பாராசிட்டமால் எப்பவும் கட்டில் பக்கத்துலதான் இருக்கும். இப்பவே எடுத்து டிஃபன் டப்பாவுல போட்டுட்டேன். பூ இதுவரைக்கும் ஜெர்பராவும் கார்னேஷனும்தான் வெச்சிருக்கோம், லில்லி வாங்கல. ரொம்ப நன்றி.

கொடை வாத்தியார்

பவிம்மா, எங்க வீட்ல மூணு பூனை, கொடைக்கானல். மூணும் தள்ளும், ஆனா மூணும் ஒரே காரணத்துக்குத் தள்ளல. இதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ரொம்ப நாளாச்சு, எல்லாரும் "பூனைன்னா அப்படித்தான்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, தள்ளும்போது அது கண்ணு எங்க இருக்குன்னு மட்டும் கவனிங்க.

உங்க மூஞ்சியப் பாத்துட்டே தள்ளுதுன்னா அது உங்களைக் கூப்பிடுது. நீங்க எழுதின டம்ளர் கதை அதேதான். லேப்டாப்ப பாத்துட்டு உக்காந்திருக்கிற ஆளை எழுப்ப அது கண்டுபிடிச்ச காலிங் பெல். "ஏய் பட்டாணி"ன்னதும் அதுக்குப் பலன் கிடைச்சிடுச்சு, நீங்க திட்டினாலும் கொஞ்சினாலும் கணக்கு ஒண்ணுதான். இதுக்கு வைத்தியம், தள்ளும்போது பேசக்கூடாது, பாக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. கண்ணாடிச் சாமான் இல்லாத வரைக்கும் விழுந்தது விழுந்ததாக் கிடக்கட்டும், அது அந்தப் பக்கம் போனப்புறம் எடுங்க. அது சும்மா படுத்திருக்கும்போது நீங்களாப் போய்த் தடவிக் குடுங்க. ஆனா ஒண்ணு, கண்டுக்காம விட ஆரம்பிச்சதும் முதல்ல ஜாஸ்தியாகும், வழக்கமாத் தள்றதை விட்டுட்டு பெரிய சாமானாத் தேடும். அந்த நேரத்துல தாங்க முடியாம ஒரு தடவை எழுந்து போனீங்கன்னா, "சரி, ஒண்ணு பத்தல, நாலு தள்ளணும் போல"ன்னு கத்துக்கும். வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும், மாமியார் உட்பட. அதுதான் கஷ்டம்னு தெரியும்.

விழுந்த சாமானையே எட்டிப் பாத்து, பின்னாடியே குதிச்சு, தரையிலயும் தட்டிட்டுத் திரியுதுன்னா அது வேட்டை. எலியக் காலால தட்டி உசுரு இருக்கான்னு பாக்கும் பாருங்க, அதே கைவேலை. பூனைக்குக் கிட்டத்துல, ஒரு அடிக்குள்ள இருக்கிறது தெளிவாத் தெரியாது, மீசையாலயும் பாதத்தாலயும்தான் தடவிப் பாக்கும். பூனை இயல்பாவே விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு, சரியா அந்த நேரத்துல நீங்க கதவைச் சாத்திடறீங்க. சாத்தத்தான் வேணும், நான் குறை சொல்லல, ஆனா அந்தத் தெம்பு எங்கயாச்சும் போகணும்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு குச்சியில கயிறு கட்டி, நுனியில துணி முடிச்சு, சோஃபாவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியிலன்னு எலி ஓடுற மாதிரி இழுங்க, மூஞ்சிக்கு நேரா ஆட்டினா பிரயோஜனம் இல்ல, எலி நேரா வந்து நிக்குமா? கடைசியில அது பிடிக்கிற மாதிரி விட்டுடணும், உடனே சோறு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிக்கிறது, தூக்கம், அதோட வரிசை அது. லேசர் லைட் அடிச்சு விளையாடாதீங்க, கையில எதுவும் சிக்காம எரிச்சல்தான் மிஞ்சும், போய் ரெண்டு சாமான் தள்ளும். கயிறை வேலை முடிஞ்சதும் எடுத்து வெச்சிடுங்க, முழுங்கினா குடல்ல சிக்கும்.

மூணாவதுதான் நம்ம மலைக்காரங்களுக்கு முக்கியம், சமவெளிக்காரங்க எழுதுறதுல இதைப் பாக்க முடியாது. உங்களையும் பாக்காம, விழுந்ததையும் பாக்காம, தள்ளிட்டு அந்த இடத்துலயே சுருண்டு படுத்துக்குதுன்னா அதுக்கு வேண்டியது அந்த இடம். பூனைக்கு உடம்பு வெப்பத்தைக் காப்பாத்த மெனக்கெடாம சுகமா இருக்கிற சூடு 30ல இருந்து 38 டிகிரி. நம்ம ஊர் ராத்திரிக்கு அந்தச் சூடு எங்க இருக்கு? ஃபிரிட்ஜ் மேல, செட்டாப் பாக்ஸ் மேல, மோடம் மேல, பகல்ல வெயில் விழற ஜன்னல் பலகை மேல. உங்க லிஸ்ட்டப் பாருங்க, பாதி அங்கதான். ஊறுகா ஜாடி மேல அதுக்கு ஒரு பகையும் கிடையாது, அதோட படுக்கையில ஜாடி உக்காந்திருந்தது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் மேல எதையும் வைக்காதீங்க, அதைப் பட்டாணிக்கே எழுதிக் குடுத்துடுங்க. பீரோ மேல ஒரு அட்டைப்பெட்டி, உள்ள பழைய ஸ்வெட்டர், குளிர் அதிகமான ராத்திரியில வெந்நீர் ரப்பர் பையத் துண்டுல சுத்தி உள்ள வைங்க. செட்டாப் பாக்ஸை டிவிக்குப் பின்னாடி சுவத்துல மாட்டிடுங்க, அது மேல பூனை படுத்தா காத்து துவாரம் அடைச்சு பாக்ஸும் கெட்டுப் போகும். கம்பி சிவக்கிற ரூம் ஹீட்டர், கரி அடுப்பு இதெல்லாம் இருந்தா ஆள் இல்லாத ரூம்ல பூனையோட விட்டுட்டுப் போகாதீங்க, தள்றதுக்கு அதுவும் ஒரு சாமான்தான்.

ஆரஞ்சுத் தோல் வெச்சா வராதுன்னு சொல்வாங்க, நானும் தாண்டிக்குடி கமலா ஆரஞ்சுத் தோல் பரப்பி வெச்சேன், ஈரமா இருக்கிற வரைக்கும் ஒதுங்கிப் போச்சு, காஞ்சதும் தோலையும் சேத்துத் தள்ளிடுச்சு.

தேயிலைக்காடு மணி

இவ்வளவு படிச்சதுல தலையே சுத்துது. நாங்க எஸ்டேட் லயத்துல பொறந்து வளர்ந்தவங்க, பாட்டி காலத்துல இருந்து பூனை இருக்கு, ஒரு பூனை ஒரு சாமானைத் தள்ளினதா சரித்திரமே இல்ல. ஏன்னா தள்றதுக்கு ஷெல்ஃபே கிடையாது 😂 கதவு எந்நேரமும் திறந்திருக்கும், காட்டுல திரிஞ்சு எலி பிடிச்சு சோர்ந்து வந்து அடுப்படியில படுத்துக்கும். வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சுட்டு ஏன் தள்ளுதுன்னு கேட்டா என்ன சொல்றது. வெளிய விடுங்க, எல்லாம் சரியாகும்.

ஊட்டி செல்வி

மணி அண்ணா, அந்தப் பூனைங்கள்ல எத்தனை கிழமாகிச் செத்துச்சுன்னு பாட்டியக் கேட்டுப் பாருங்க. சிறுத்தை, தெருநாய், ரோட்டுல வண்டி, வெறிநோய், எல்லாம் வெளியதான் இருக்கு. பகல்ல ஆள் பார்வையில கொஞ்ச நேரம் விடலாம், இல்ல பால்கனிக்கு வலை அடிச்சு விடலாம். ராத்திரி உள்ளதான். ஆனா சோர்வு வேணும்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன், பட்டாணிக்கு இல்ல, இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு. பத்து வயசு தாண்டின பூனை, இத்தனை நாள் அமைதியா இருந்தது திடீர்னு ராத்திரி கத்திட்டு, உருட்டிட்டுத் திரிஞ்சா சேட்டைன்னு விட்டுடாதீங்க. நிறையச் சாப்பிட்டும் இளைச்சுப் போகுதுன்னா தைராய்டா இருக்கலாம், ரத்தம் பாக்கச் சொல்லுங்க.

லவ்டேல் லலிதா மாமி

பவி கண்ணா, கொலுவுக்கு யாருமே பதில் சொல்லலையே. எங்காத்துல வருஷா வருஷம் ஏழு படி, ரெண்டு பூனை. கட்டு, பயப்படாதே.

முதல்ல வெறும் படிய மட்டும் கொஞ்சம் முன்னாடியே கட்டிப் போட்டுடு, பொம்மை வேண்டாம். புதுசா ஒண்ணு வந்திருக்கேன்னு ஏறும், இறங்கும், ஒவ்வொரு படியிலயும் படுத்துப் பாக்கும், அப்புறம் சலிச்சுப் போயிடும். பொம்மை வெக்கற அன்னிக்கே படியையும் கட்டினா ஆர்வம் எல்லாம் பொம்மை மேல இறங்கும். துணிய இறுக்கி இழுத்து பின்னாடி கிளிப் போடு, முன்னாடி ஜரிகைக் குஞ்சம், ரிப்பன், தொங்கற தோரணம் எதுவும் வேண்டாம், ஒரு இழுப்புல மொத்தப் படியும் சரியும், ஜரிகைய முழுங்கினா அது வேற வம்பு.

எல்லாரும் பூனை கீழ்ப்படியத்தான் கலைக்கும்னு நினைச்சு நல்ல பொம்மைய மேல வெப்பா. பூனைக்கு உசரம்தான் வேணும், நேரா மேல் படிக்குத்தான் போகும். வாத்தியார் சொன்ன அட்டைப்பெட்டி இருக்கு பாரு, அதைக் கொலு இருக்கற ரூமுக்கு எதிர்ப்பக்கம், மேல் படிய விட உசரமா வெச்சுக் குடு. மண் பொம்மை உள்ள கூடா இருக்குமோன்னோ, சின்னத் துணிப்பைல மணல் போட்டு உள்ள திணிச்சுடு, கனம் வந்துடும், சும்மா தட்டினா அசையாது. ப்ளூ டேக்னு களிமண் மாதிரி பிசைஞ்சு ஒட்டற பசை ஸ்டேஷனரி கடைல கிடைக்கும், பயத்தம்பருப்பு அளவு நாலு உருண்டை அடியில வெச்சு அழுத்து, பெயிண்ட் இல்லாத இடமாப் பாத்து. துணி மேல அது ஒட்டாது, அதனால துணிக்கு மேல ஒரு சார்ட் அட்டைப் பட்டை போட்டு, அது மேல ஒட்டு. மரப்பாச்சி, பித்தளை, காகிதக்கூழ் பொம்மைய ஓரத்துல வை, பழைய மண் பொம்மை நடுவுல, சுவர்ப் பக்கம்.

குத்துவிளக்கு பூஜை நேரத்துக்கு மட்டும், ஆள் நகர்ந்தா மலையேத்திடணும். எங்க பூனை ஒண்ணுக்கு வால் நுனி கருகித்து, பாவம், அதுக்கப்புறம் மீதி நேரத்துக்கு பேட்டரி விளக்குதான். யார் என்ன சொன்னாலும் சரி, அம்பாள் கோச்சுக்க மாட்டா.

பெட்ஃபோர்டு பவி

மாமி, ப்ளூ டேக் வாங்கிட்டேன். ஹாலுக்குக் கதவு இல்ல, அதனால சின்ன ரூம்ல மூணு படி மட்டும், ராத்திரி கதவைச் சாத்திடலாம்னு அத்தையும் ஒத்துக்கிட்டாங்க, ஏழு படி அடுத்த வருஷம் பாக்கலாம்.

வாத்தியார் சார், ஃபிரிட்ஜ் மேல காலி பண்ணி பழைய கம்பளி போட்டதும் அங்க தள்றது நின்னே போச்சு, பகல் பாதி அங்கதான் கிடக்கு. பேசாம இருக்கிறதுதான் நடக்கல. நான் வாயை மூடிட்டு லேப்டாப்பப் பாக்குறேன், அது ஸ்பூனைத் தள்ளுது, உள்ள இருந்து அத்தை "என்னடி தங்கம், பசிக்குதா"ன்னு ஓடி வர்றாங்க. கேட்டா "வாயில்லா ஜீவன்டி"ங்கிறாங்க. தண்ணி டம்ளருக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டோம், அத்தையோட பழைய கல்சட்டியில அதுக்குத் தண்ணி ஊத்தி ஜன்னல் பக்கம் வெச்சாச்சு, அதைத் தள்ள பட்டாணியோட தாத்தா வந்தாலும் முடியாது, நம்ம டம்ளர் பக்கம் வர்றதும் கம்மியாயிடுச்சு. ஓனருக்காக மேஜைக்கு அடியில பழைய ஜமக்காளம் விரிச்சிருக்கேன்.

இப்ப மிச்சம் இருக்கிறது விடிகாலை நாலு மணி. என் தலைமாட்டுல இருக்கிற போனைத் தள்ளும், நான் எழுந்து சோறு வெச்சாத்தான் அடங்கும். இதுக்கு என்ன பண்றது?

கொடை வாத்தியார்

நாலு மணிக்குச் சோறு கிடைக்கும்னு நீங்கதான் டைம் டேபிள் போட்டுக் குடுத்திருக்கீங்க. எழுந்ததும் சோறு வைக்காதீங்க, பல் தேய்ச்சு டீ போட்டுக் குடிச்சு எல்லாம் முடிச்ச பிறகு வைங்க, எழுந்திருக்கிறதுக்கும் சோத்துக்கும் சம்பந்தம் அறுந்து போகணும். படுக்கும்போது முட்டை அட்டையோட குழியில அதோட உலர் தீனியக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு மேல காகித உருண்டை வெச்சு ஹால்ல விட்டுடுங்க, நாலு மணிக்கு முழிச்சா அதைத் தோண்டிட்டு இருக்கும். அத்தைக்கும் ஒரு வேலை குடுங்க, சாயந்திரம் அந்தக் குச்சிக் கயிறை இழுக்கிற பொறுப்பு அவங்களோடதுன்னு, பாசத்தை அங்க காட்டட்டும்.

போனை டிராயர்ல போட்டு மூடுங்க, அலாரம் அங்க இருந்தும் கேக்கும்.